நுனி கிள்ளிய மரவள்ளி

எங்கள் நர்சரிக்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இளையவர்கள் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வெட்டுக் கத்தியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்கிற வேலையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவள். என்ன எழுதுவது என்று கேட்டேன். "நம்ம ரோட்டுல எல்லாமே சின்னச் சின்ன நர்சரியா இருக்கு ஆண்ட்டி. ஏன் ஒண்ணுகூட பெருசா வளரல? அத எழுதுங்க" என்றான் ஒருவன். பெரிய கம்பெனி ஒன்று எல்லா நர்சரிகளையும் சேர்த்து ஒன்றாக வாங்கிக்கொள்ளப் பேச்சு நடத்துகிறதாம். விற்பதா வேண்டாமா என்று சங்கம் முடிவு செய்ய வேண்டுமாம்.

வளரவில்லை என்று அந்தப் பிள்ளை நினைக்கிறான். வளர்ந்துதான் இருந்தது. இந்த ரோட்டின் இரண்டு பக்கமும், மேட்டிலிருந்து ஓடை வரைக்கும், ஒரே நர்சரி, ஒரே முதலாளி, ஒரே கேட். அதைத் துண்டு துண்டாக்கியவர்கள் நாங்கள்தான். அதில் எனக்கு வருத்தமே கிடையாது, பெருமைதான். ஜப்பான்காரன் இந்த மலாய் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் நடந்த கதை அது.

முதலாளி நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம். மசாலாச் சாமான் விற்க வந்தவர், துரைமார் பங்களாக்களில் பூத்தொட்டிக்கு இருக்கிற கிராக்கியைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு மாறினார். காகிதப்பூ, குரோட்டன்ஸ், இட்லிப்பூ, செம்பருத்தி, தொட்டிப் பனை எல்லாம் இங்கிருந்து ஜொகூர் பாரு பங்களாக்களுக்கும், பாலம் தாண்டி சிங்கப்பூர் ஓட்டல்களுக்கும் போகும். ஜொகூரில் அப்போது அவ்வளவு பெரிய நர்சரி வேறு இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எங்களைப் பூ வளர்க்கிறவர்கள் என்பார்கள். பூ வளர்ப்பது வாங்கிப் போகிறவர்கள் வேலை. ஒரு செடியைப் பல செடியாக்குவதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு ரகத்திலும் தாய்ச்செடி என்று சிலவற்றை நிரந்தரமாக வைத்திருப்போம். அதிலிருந்து குச்சி வெட்டி, வேர் பிடிக்க வைத்து, தொட்டிக்கு மாற்றி விற்போம். தாய்ச்செடியை மட்டும் எந்தத் துரை கேட்டாலும் கொடுக்க மாட்டோம். தொட்டி உடைந்தால் வாங்கலாம், கொட்டகை சாய்ந்தால் கட்டலாம். தாய்ச்செடி போனால் தொழிலே போச்சு.

முதலாளிக்கு அடுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் காசிம் பாய். ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாம் செய்த வேலையில் சந்தேகம் வந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நம் வரிசையிலிருந்து ஒரு தொட்டியை எடுப்பார். செடியின் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, உள்ளங்கையால் மண்ணைப் பொத்தி, தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பை மரப்பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். மண்ணும் வேரும் கட்டியாகக் கையில் இறங்கும். வேரைப் பார்ப்பார், நம்மைப் பார்ப்பார், திரும்பத் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டு வாங்கியிருந்தால்கூட அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர் சுமந்தேன். பிறகு மண் கலந்தேன், பிறகு கத்தி பிடித்தேன். நான் தொழில் படித்த கதை அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் முத்தையாவுக்கு நுனி கிள்ளுகிற வேலை. இளம் செடியின் உச்சிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் நாலு கிளை வெடித்துச் செடி புதராகும். அந்த வேலையில் அவர் விரல்கள் அப்படிப் பழகிப்போயின. கோவிலுக்குப் போகிற வழியில் அடுத்தவர் வீட்டு வேலியைக் கிள்ளிக்கொண்டே வருவார். நான் பின்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவேன்.

சண்டை வந்தது. வெள்ளைக்காரன் பின்வாங்கிப் போகும்போது பாலத்தைத் தகர்த்த சத்தத்தில் எங்கள் கொட்டகையில் அடுக்கியிருந்த தொட்டிகள் சரிந்து விழுந்தன. அது போனால் போகிறது. வாங்குகிறவர்கள் எல்லாருமே ஒரே மாதிரி ஆட்கள் என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் போய்விட்டார்கள். அதுதான் எங்களை அடித்தது. ஊருக்குப் போயிருந்த முதலாளி கப்பல் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். அரிசிக்கே அலைகிற நேரத்தில் குரோட்டன்ஸ் யாருக்கு வேண்டும்? ஜொகூரின் பெரிய நர்சரி பூத்துக் குலுங்கிக்கொண்டே பட்டினி கிடந்தது.

அடுத்து ஜப்பான்காரனின் உத்தரவு வந்தது. பூச்செடிக்கு நிலம் கிடையாது, எல்லா இடத்திலும் மரவள்ளி மாதிரி உணவுப் பயிர்தான் போட வேண்டும். காசிம் பாய் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். நிலத்தைக் குடும்பத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்துத் தருவதாகவும், ஆளுக்கு ஆள் தனியாகப் பயிரிடுகிறவன் என்று பதிந்துகொள்ளும்படியும் சொன்னார். அந்த நேரத்தில் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஆண்களை லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோக ஆரம்பித்திருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. பயிர் போடுகிறவன் என்ற பெயர் இருந்தால் விட்டுவைப்பார்கள் என்பது அவர் கணக்கு.

தாய்ச்செடிகளை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். மரவள்ளிக்கு ஆடு மாடு, காட்டுப்பன்றி எல்லாம் வரும், வேலி இல்லாமல் முடியாது, கம்பியும் கிடைக்காது என்றார் பாய். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தாய்ச்செடிகளைப் பெயர்த்து, குடும்பத்துக்கு ஒரு ரகமாகக் கொடுத்தார். ஒருவர் துண்டைச் சுற்றிக் காகிதப்பூ, இன்னொருவருக்குக் குரோட்டன்ஸ், அடுத்தவருக்கு இட்லிப்பூ. எங்களுக்குச் செம்பருத்தி. சோதனைக்கு வந்தவனுக்கு அது வேலியாகத்தான் தெரிந்தது. எங்களுக்கு அது முதலாளியின் மொத்தச் சொத்து.

இனி மரவள்ளி. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிப்பாக இல்லை. நாங்கள் விவசாயிகள் கிடையாது. ஆனால் கை சும்மா இருக்குமா? வரிசை பிடித்து, நெருக்கி நெருக்கி நட்டோம். தொட்டிக்குக் கலக்குவதுபோலச் சாணத்தை அள்ளிக் கொட்டினோம். கொழுந்து வந்ததும் எல்லாரும் கிள்ளினோம். என் வீட்டுக்காரரைக் கேட்கவே வேண்டாம், தன் துண்டை முடித்துவிட்டு அடுத்தவர் துண்டுக்கும் போய்க் கிள்ளிவிட்டு வந்தார். கொழுந்தைக் கீரையாகக் கடைந்து சாப்பிட்டோம். செடிகள் புதர் புதராக, பச்சைப் பசேலென்று, பார்க்கிறவர் கண் படுகிற மாதிரி நின்றன. ரோட்டில் போன மலாய்க்காரர்கள் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஏன் தலையை ஆட்டினார்கள் என்பது தோண்டுகிற காலம் வந்தபோதுதான் புரிந்தது.

ஜப்பான்கார உணவு அதிகாரி மொழிபெயர்ப்பாளரோடு வந்த அன்று, முதலில் எங்கள் துண்டுக்குத்தான் வந்தார். அவரே குனிந்து ஒரு புதரைப் பிடுங்கினார். கீழே என் விரல் பருமனில் சில வேர்கள் தொங்கின. இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் அப்படித்தான். சத்தெல்லாம் இலைக்கும் தண்டுக்கும் போய்விட்டது, கிழங்குக்கு ஒன்றும் இறங்கவில்லை. அதிகாரி கத்தவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் மலாயில் எங்களுக்குச் சொன்னார். இந்த நிலத்தை ராணுவம் எடுத்துக்கொள்ளும், இங்கிருக்கிற ஆண்களுக்கு வேறு இடத்தில் வேலை கொடுக்கப்படும். வேறு இடம் என்றால் சயாம் என்று எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் சாகும்வரை சொன்னார். அவர் சொன்னது சரிதான், அந்த வாய்தான் அன்றைக்கு உதவியது. உள்ளே காஹாங் பக்கம் காட்டை வெட்டி ஆட்களைக் குடியேற்றுகிறார்கள் என்றும், வெட்டிய நிலத்தில் ஊன்ற மரவள்ளிக் குச்சி கிடைக்காமல் நிலம் சும்மா கிடக்கிறது என்றும் சந்தையில் பேச்சு. பிடுங்கிப் போட்ட புதரைப் பார்த்தேன். வேர் இல்லை, ஆனால் எத்தனை தண்டு! ஊரில் மற்றவர் செடியில் ஒன்றிரண்டு தண்டு இருக்கும். எங்கள் செடியில் கை நிறைய இருந்தது. எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், முன்னால் போய்ச் சொன்னேன். கிழங்கு இல்லைதான். நாங்கள் கிழங்குக்காரர்கள் இல்லை, செடி உண்டாக்குகிறவர்கள். காஹாங்குக்கு வேண்டிய செடி முழுவதும் இங்கே நிற்கிறது, இந்த ஆண்கள் இருந்தால்தான் அதை உண்டாக்க முடியும்.

காசிம் பாய் என்னைத் தடுக்கவில்லை. கீழே கிடந்த தண்டு ஒன்றை எடுத்து மடியிலிருந்து கத்தியை உருவினார். மற்றவர்கள் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஊன்றுவார்கள். அவர் இரண்டு கணுவுக்கு ஒரு துண்டாக வெட்டி, அதிகாரியின் பூட்சுக்கு முன்னால் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார். வரிசை வேலிவரைக்கும் போனது. அதிகாரி அந்த வரிசையின் ஓரமாகவே நடந்துபோய்த் திரும்பி வந்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: மழைக்காலத்துக்கு முன்னால் காஹாங் நிலத்தில் செடி நிற்க வேண்டும், நின்றால் ஆட்கள் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் முன்பு சொன்னதுதான்.

அவர்கள் போனதும் பாய் என்னைப் பார்த்தார். "வாயக் குடுத்துட்ட தனம். இப்ப எல்லாரும் கையக் குடுங்க" என்றார்.

அந்த வேலையை நாங்கள் செய்த விதத்தை இந்தத் தொழிலில் இருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டினோம். வெட்டு வாயில் பால் வடியும், அது காயும்வரை நிழலில் பரப்பி, பிறகு சாம்பலில் தொட்டு எடுத்தோம். ஆற்று மணல் பாத்தியில் படுக்க வைத்து, இரண்டு விரல் மணலால் மூடி, மேலே தென்னோலைப் பந்தல். தண்ணீரைப் பால் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுத் தூறலாகத் தெளித்தோம். முளை விட்டதும் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். மண் தொட்டி ரயிலில் கனக்கும், உடையும். வாழைப்பட்டையைச் சுருட்டி ஈர்க்குக் குத்திக் கிண்ணமாக்கினோம். அப்படியே குழியில் வைத்துவிடலாம், பட்டை மக்கிப்போகும்.

பாத்தி எங்கே போடுவது என்பதில் சண்டை வந்தது. ஓடை ஓரத்தில் ஒரே பெரிய பாத்தியாகப் போட்டால் தண்ணீர் சுமப்பது மிச்சம் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. அவரவர் துண்டில் அவரவர் பாத்தி என்று சொல்லிவிட்டார். மேட்டுக்குத் தண்ணீர் சுமந்து சுமந்து இடுப்பு ஒடிந்தது, அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு ஒரு பெரிய மழை கொட்டியது. காகிதப்பூ வேலிக்காரர் பாத்தியில் அழுகல் விழுந்து, முளைகள் கறுத்துச் சாய்ந்து, அந்தப் பாத்தி முழுவதும் போனது. அதோடு நின்றது. மற்ற பாத்திகளுக்கு நடுவில் வேலிகள் இருந்தன. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டு அவர் பங்கை ஈடு செய்தோம். ஒரே பாத்தியாக இருந்திருந்தால் எங்கள் ஆண்கள் எல்லாரும் அதோடு போயிருப்பார்கள். திட்டியதையெல்லாம் நான் மனதுக்குள்ளேயே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

செடிகளைச் சரக்கு வண்டியில் ஏற்றினோம். குளுவாங்வரை ரயில், அங்கிருந்து காஹாங்குக்கு லாரி. கூடப் போக என் வீட்டுக்காரரையும் என்னையும் அனுப்பினார் பாய். வண்டி லாயாங் லாயாங்கில் நின்றது. ராணுவ ரயிலுக்கு வழி விட வேண்டுமாம், எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெயில் ஏற ஏறச் செடிகள் கழுத்தைத் தொங்கப்போட்டன. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் எஞ்சின் டிரைவரிடம் ஓடினேன். தமிழர்தான். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற பெரிய குழாய் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கொஞ்சம் விடச் சொன்னேன். அது எஞ்சினுக்குரிய தண்ணீர், செடிக்கு விட்டால் தன் வேலை போகும் என்றார். இந்தச் செடி வாடினால் யார் யார் சயாமுக்குப் போவார்கள் என்று சொன்னேன். அவர் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "வாளி இருக்காம்மா?"

இருந்தது. நான் சுமந்து சுமந்து ஊற்றினேன். திரும்பி வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றாமல், பெட்டிக்குள் தவழ்ந்து, ஒவ்வொரு செடியின் உச்சி இலைகளையும் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கிள்ளிக் கிள்ளித்தானே நாம் இந்தக் கதிக்கு வந்தோம் என்று கத்தினேன். அவர் நிமிராமலே சொன்னார்.

"இலை இருந்தா தண்ணியக் குடிச்சிட்டே இருக்கும் தனம். இலை இல்லன்னா தண்டு தாங்கும். நீ ஊத்து, நான் கிள்றேன்."

தொழில் தெரிந்தவன் சொன்னால் சொன்னதுதான். நான் ஊற்றினேன், அவர் கிள்ளினார். டிரைவரும் இறங்கி வந்து வாளி தூக்கினார். வண்டி கிளம்பியபோது பெட்டிக்குள் மொட்டைத் தண்டுகளாகத்தான் நின்றன. காஹாங்கில் இறக்கும்போது பார்த்தவர்கள் குச்சியைத்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். கணு ஒவ்வொன்றிலும் பச்சை முளை இருந்ததை நாங்கள் குனிந்து காட்ட வேண்டியிருந்தது. மழை தொடங்கும் முன் அந்த நிலம் முழுவதும் செடி நின்றது. அங்கே குடியேறியவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டு வந்தோம். யாரும் நுனியைக் கிள்ளாதீர்கள் என்று.

அதிகாரி மறுபடி வந்தபோது பிடுங்கிப் பார்க்கவில்லை. எங்கள் ஆண்கள் எல்லாருக்கும் கையில் கட்டிக்கொள்ளப் பட்டை கொடுத்தார். விதைப் பண்ணை ஆட்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். தெருவில் ஆள் பிடிக்கிற லாரி வந்தால் எங்கள் ஆண்கள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தார்கள். பிறகு மரவள்ளிச் செடி, சர்க்கரைவள்ளிக் கொடி, கீரை நாற்று என்று அவரவர் துண்டில் அவரவருக்கு எது நன்றாக வருகிறதோ அதை உண்டாக்கி விற்றோம். குறைந்த நிலம், குறைந்த தண்ணீர், வீட்டு ஆட்களின் கை. ஒருவருக்குச் சரக்கு போகாத மாதம் அடுத்தவருக்குப் போனது. கொடுத்து வாங்கிச் சமாளித்தோம். பெரிய நர்சரியாக இருந்தபோது ஒரு பக்கத்துக் காற்றுக்கே சாய்ந்த இடம், சின்னதாக உடைந்த பிறகு சாயவே இல்லை. வேலிகள் அவை பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தன.

சண்டை முடிந்து, கப்பல் விட்டு, முதலாளி வந்து சேர்ந்தார். கேட்டில் வந்து நின்றவருக்கு நர்சரி கண்ணில் படவில்லை. மரவள்ளியும் கீரையும்தான். முகம் வெளுத்துவிட்டது. தாய்ச்செடி எங்கே என்று கேட்டார். காசிம் பாய் வேலியைக் காட்டினார். முதலாளி வேலி ஓரமாகவே நடந்தார். காகிதப்பூவைத் தொட்டார், குரோட்டன்ஸைத் தொட்டார், எங்கள் செம்பருத்தியிடம் வந்து நின்றார். ஒரு ரகம்கூடத் தவறவில்லை. எல்லாம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. இனி எல்லாவற்றையும் பழையபடி ஒரே இடமாகச் சேர்த்துவிடலாம் என்றார். சேர்க்க வேண்டாம் முதலாளி என்றேன் நான். வாய் நீளம்தானே. வேலியைப் பிடுங்காதீர்கள், நாங்கள் அவரவர் துண்டில் செடி உண்டாக்கித் தருகிறோம், நீங்கள் வாங்கி சிங்கப்பூருக்கு விற்றுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பாயைப் பார்த்தார். பாய் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க. அன்றைக்கு முதலாளி ஒப்புக்கொண்டதைத்தான் இன்றைக்கும் இந்த ரோட்டில் நடந்தால் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு ரகம், வீட்டுக்கு ஒரு நர்சரி. கம்பெனிக்கு விற்பதா வேண்டாமா என்று சங்கம் என்னைக் கேட்டால் இதுதான் என் பதில்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் பேசி முடித்த பிறகு முதலாளி, கடைசியில் கேட்கத் தயங்கியதுபோல, இத்தனை வருஷத்தில் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார். காசிம் பாய் எங்களையெல்லாம் கூப்பிட்டு, ரோட்டோரம் வரிசையாக நிற்கச் சொன்னார். தொட்டிகளை வரிசை வைக்கிறபோது நிற்பாரே, அப்படி ஓரத்தில் நின்றுகொண்டார்.

"நீங்க விட்டுட்டுப் போன ஆளுங்க முதலாளி. எல்லாரும் இருக்காங்க. எண்ணிக்குங்க" என்றார்.

பக்கத்துத் தோட்டத்தில் எத்தனையோ வீட்டுக் கதவு திறக்கவே இல்லை என்று முதலாளி வரும் வழியில் கேட்டிருப்பார் போல. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வரிசைக்கு மேல் அவரால் முடியவில்லை, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரிசையின் கடைசியில் நின்ற என் வீட்டுக்காரர் மட்டும் இதில் எதையும் கவனிக்கவில்லை. பக்கத்து வேலியில் இருந்த செம்பருத்தியின் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.